ஏழு மணிக்கு மேல ஓடாதீக

போன வருடம் எங்கள் டைரியில் நவம்பர் மாதத்துக்கு முப்பத்தொரு நாள் இருந்தது. அதனால்தான் நான் சிவகாசிக்குப் போக வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கம்பெனி சின்னது. கடைகளுக்கும் சங்கங்களுக்கும் பெயர் போட்ட டைரி, காலண்டர் வாங்கிக் கொடுப்போம். அச்சடிப்பதெல்லாம் சிவகாசியில். "இந்தத் தடவை நீயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்று முதலாளி சொல்லிவிட்டார். மே மாதம், பத்து நாள். பெட்டியில் துணிமணிக்கு முன்னால் நான் எடுத்து வைத்தது ஓடுவதற்கான காலணியை.

அதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பந்தயத்தில் ஓடுகிறவன் இல்லை. என் அப்பா நாற்பத்தாறு வயதில் சோற்றுத் தட்டுக்கு முன்னாலேயே சரிந்தவர். எனக்கு நாற்பத்துநான்கு. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன மறுநாள் ஓட ஆரம்பித்து, ஒன்றரை வருடமாக ஒரு நாளும் விட்டதில்லை. மற்றவர்கள் உற்சாகத்தில் ஓடுகிறார்கள், நான் பயத்தில் ஓடுகிறேன். பயத்தில் ஆரம்பித்தாலும் மூன்றாவது கிலோமீட்டரில் எப்படியோ உற்சாகம் வந்துவிடும். எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு பாதை உண்டு. விடிகாலையில் சீனக் கிழவர்கள், மலாய்ப் பெண்கள், பள்ளி ஆசிரியர்கள் என்று எல்லோரும் அதில் ஓடுவார்கள். யாரும் யாரையும் ஏன் ஓடுகிறாய் என்று கேட்பதில்லை.

சிவகாசியில் இறங்கிய ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணிக்கே வெயில் கண்ணைத் திறக்க விடவில்லை. அச்சகத்தின் மேனேஜர் பால்ராஜ் என்னை அழைத்துப்போக வந்திருந்தார். ஆட்டோவில் எனக்கு முன்பே காலண்டருக்கு அடிக்கும் தகரப்பட்டைக் கட்டுகள் ஏறி உட்கார்ந்திருந்தன. என் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டுதான் போக முடிந்தது. வேகத்தடை ஒன்றில் ஒரு கட்டு சரிந்து விழ, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு நடுத்தெருவில் பட்டைகளைப் பொறுக்கினார். நானும் இறங்கிப் பொறுக்கினேன். தகரம் அதற்குள் தோசைக்கல்லாகச் சுட்டது.

எனக்கு அறை கொடுத்திருந்தது நாரணாபுரம் போகும் சாலையில், ஊர் முடிகிற இடத்தில், பேப்பர் குடோனுக்கு மேலே. காலையில் ஓடுவதற்குச் சாலை எப்படி என்று பால்ராஜிடம் கேட்டேன்.

"எதுக்கு சார் ஓடணும்?"

"உடம்புக்கு."

"உடம்புக்கு என்ன?"

"சர்க்கரை."

"அதுக்குத்தான் மாத்திரை இருக்கே." கொஞ்ச நேரம் என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, ஓடுங்க. ஆனா ஏழு மணிக்கு மேல ஓடாதீக."

வெளியூர்க்காரனுக்கு வெயில் ஆகாது என்று அக்கறையில் சொல்கிறார் என நினைத்து நன்றி சொன்னேன்.

அன்று சாயங்காலம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பாய் கடையில் எண்ணெய் புரோட்டா சாப்பிட்டேன். சுடுவதில்லை, எண்ணெயில் போட்டுப் பொரித்தே எடுக்கிறார்கள். அதைப் பிய்த்துப் போட்டு, தலைக்கு மேல் சால்னா ஊற்றினால் மொறுமொறுப்பும் குழைவும் ஒரே வாயில் கிடைக்கின்றன. சிங்கப்பூரில் எங்கள் பேட்டையில் கிடைப்பதைப் புரோட்டா என்று சொல்ல இனி எனக்கு வாய் வராது. கடைக்காரர், "இன்னொண்ணு வைக்கட்டுமா, நல்லா சாப்பிடுங்க, மெலிஞ்சு போயிருக்கீக" என்றார். மெலிவதற்காக ஒன்றரை வருடம் ஓடியதைச் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? மூன்று சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை ஐந்தரை மணிக்குக் கிளம்பினேன். இரண்டு பக்கமும் கரிசல் காடு, வேலிக்கருவை. இடையிடையே முள்கம்பி வேலி போட்ட பட்டாசுக் கம்பெனிகள். வேலிக்குள்ளே ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டிய சின்னச் சின்ன அறைகள். அந்த நேரத்தில் எல்லாம் பூட்டிக் கிடந்தன. ஒரு கிலோமீட்டருக்குள் நான்கு நாய்கள் என்னைத் துரத்தின. எங்கள் ஊர் நாய்கள் கயிற்றில் கட்டப்பட்டு எஜமானோடு ஓடுகிறவை. இவை சொந்தப் பொறுப்பில் ஓடின. நான் திரும்பி வரும்போது வேர்வை சொட்டவே இல்லை. வழிவதற்கு முன்பே காய்ந்து, சட்டையெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

குடோனுக்கு எதிரே ஒரு தகரக் கூரை டீக்கடை. நடத்துகிறவர் முத்துலட்சுமி அக்கா. எனக்குச் சீனி இல்லாமல் டீ கொடுத்துவிட்டு, "நாய் வந்தா ஓடாதீக. நின்னு குனிஞ்சு கல்லெடுக்கிற மாதிரி பாவலா காட்டுங்க, போயிரும்" என்றார். ஓடாமல் நிற்பதற்கு நான் ஏன் ஓட வர வேண்டும் என்று கேட்டதற்குச் சிரித்தார். ஆறரைக்குப் பட்டாசுக் கம்பெனி வேன் வந்து நின்றது. தூக்குவாளிகளோடு பெண்கள் ஏறினார்கள். அக்காவின் மகள் கற்பகமும் ஏறினாள். இருபது வயது இருக்கும். வேன் கிளம்பும்போது அக்கா அதைப் பார்த்துக்கொண்டே, "பதினாலு" என்றார்.

என்ன பதினாலு என்று நான் விழித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த கற்பகம், "எங்கம்மா வாரம் எண்ணுது சார். ஆவணியில எனக்குக் கல்யாணம். அதோட கம்பெனிக்குப் போக வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மாப்பிள்ளை அச்சங்குளத்துக்காரர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை என்று அக்கா சொன்னார். "பனியன்ல தீப்பிடிக்காதுல்ல சார்" என்றார். பதினாறு வயதிலிருந்து மகள் பட்டாசுக்குப் போகிறாள். இந்த நான்கு வருடத்தில் மத்தியானச் சோறு தனக்கு ஒரு நாளும் நிம்மதியாக இறங்கியதில்லை என்றார். முழுசாகப் போன பிள்ளை முழுசாகத் திரும்பி வர வேண்டும், இன்னும் பதினாலு வாரம், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது.

செவ்வாயும் புதனும் நன்றாகப் போயின. நாய்களுக்குப் பாவலா காட்டப் பழகிவிட்டேன். சாலையோரச் சேவல் ஒன்று மட்டும் கடைசி வரை மசியவில்லை. புதன்கிழமை விடியலில் கருவை மரங்களுக்குள்ளிருந்து ஒரு மயில் சாலையைக் கடந்தது. காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. கால் தானாகப் போயிற்று. அப்பாவின் நினைவோ, சர்க்கரையோ, நவம்பர் முப்பத்தொன்றோ எதுவுமே இல்லாமல் ஒரு பத்து நிமிடம் ஓடினேன். இதற்காகத்தான் மனிதர்கள் ஓடுகிறார்கள். அந்தப் பத்து நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வந்ததும் அக்கா தினமும் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னைக்கு எதுவரைக்கும்?" நான் பின்னால் கையைக் காட்டி, பாலம் வரைக்கும், பனங்காடு வரைக்கும் என்பேன். "போயிட்டுத் திரும்பி இங்கனதான வந்தீக? அப்ப ஒண்ணுமில்லன்னுதான கணக்கு" என்பார். வேனுக்குக் காத்திருந்த கற்பகம் புதன்கிழமை, "ஓடுறப்ப என்ன நெனப்பீக சார்?" என்று கேட்டாள். ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றேன். அவளுக்கு அது பிடித்திருந்தது போலத் தலையாட்டினாள்.

அன்று மத்தியானம் பால்ராஜ் அரைக் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அன்றைக்கே வந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. வேண்டாம் என்று சொன்னேன். பிறகு விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தேன். தூங்கப்போகும்போது பொட்டலத்தில் பாதியைக் காணோம். போதாததற்கு ராத்திரி மின்சாரம் போய், கொசுவோடு மல்லுக்கட்டி, வெளுக்கிற நேரத்தில்தான் கண் அசந்தேன். எழுந்தபோது மணி ஆறே முக்கால்.

அன்று விட்டிருக்கலாம். ஒரு நாள் ஓடாவிட்டால் யாரும் செத்துப்போவதில்லை. ஆனால் வயிற்றில் பால்கோவா இருந்தது, தலைக்குள் அப்பாவின் தட்டு இருந்தது. ஏழே காலுக்குச் சாலையில் இறங்கிவிட்டேன். வெயில் தெரியாமல் இருக்கட்டும் என்று எம்பி-த்ரீயில் பாட்டைச் சத்தமாக வைத்துக் காதில் மாட்டிக்கொண்டேன்.

மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்பினேன். தார்ச்சாலை காலணிக்குள் சுட்டது. சீக்கிரம் முடித்துத் தொலைக்கலாம் என்று வேகத்தைக் கூட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. வாய் பிளந்திருந்தது, முகமெல்லாம் புழுதி. எதிரே சைக்கிளில் வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் பிரேக் போட்டார், எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், சைக்கிளைத் திருப்பி ஊரைப் பார்த்து மிதித்தார். எனக்குப் போட்டியாக ஓட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஊருக்குள் நுழையும்போது இரண்டு பக்கமும் வீட்டுப் பெண்கள் வெளியே வந்து நின்றிருந்தார்கள். நாலு நாளாகப் பார்க்கிற ஆள், உற்சாகப்படுத்த வந்திருக்கிறார்கள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கையை உயர்த்தி ஆட்டினேன். அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள், நான் வந்த திசையைப் பார்த்து. டீக்கடையிலிருந்து முத்துலட்சுமி அக்கா நடுரோட்டுக்கு வந்தார். வாய் அசைந்தது. காதில் பாட்டுதான் கேட்டது. வழக்கமாகக் கேட்பதைக் கேட்கிறார் என்று நினைத்து, நிற்காமலே, சிரித்துக்கொண்டு, கட்டைவிரலால் பின்னால் காட்டினேன்.

குடோன் வாசலில் வந்து நின்று காதிலிருந்ததைக் கழற்றினேன். எதிர்க் கடையில் பால் பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. கடையில் ஆளில்லை. தெருவிலேயே ஆளில்லை. கால் விளங்காத ஒரு பெரியவர் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எந்தக் கம்பெனி?" என்றார்.

"என்ன எந்தக் கம்பெனி?"

"வெடிச்சது."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களிடம் போய் ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் நான் செய்த அடுத்த முட்டாள்தனம், திரும்பவும் ஓடியது. நான் ஓட ஓட, அதுவரை வீட்டுக்குள் இருந்தவர்களும் வெளியே வந்து எனக்குப் பின்னால் ஓடி வந்தார்கள். "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை" என்று கத்தினேன். மூச்சு வாங்கியதில் என்ன கேட்டதோ, அழுகைதான் பெரிதாயிற்று.

கற்பகம் வேலை செய்யும் கம்பெனியின் கேட்டில் ஐம்பது அறுபது பேர் இரும்பை உலுக்கிக்கொண்டு நின்றார்கள். முத்துலட்சுமி அக்கா வெறுங்காலில் வந்திருந்தார். உள்ளே அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. வேலை செய்கிறவர்களுக்கு அங்கே முதல் நாளே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்: யாராவது ஓடுவதைப் பார்த்தால் கையிலிருப்பதை அப்படியே வைத்துவிட்டு ஓட வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கேட்டை நோக்கிக் கூட்டம் ஓடி வருவதைப் பார்த்தவர்கள் பின்பக்கம் முள்கம்பி வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் குதித்திருந்தார்கள். எல்லோருக்கும் சிராய்ப்பு. கற்பகத்துக்கு மட்டும் இடது உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை கிழிந்திருந்தது.

போர்மேன் தலைகளை எண்ணி முடித்துவிட்டு, "யாரு மொதல்ல ஓடுனது?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்களா? எதுக்கு சார் ஓடுனீக?"

"உடம்புக்கு" என்றேன்.

யாரும் என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது தையல் போட்டார்கள். வராந்தாவில் பால்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். "ஏழு மணிக்கு மேல ஓடாதீகன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே சார்."

"வெயிலுக்காகச் சொன்னீர்கள் என்று நினைத்தேன்."

"வெயிலுக்கு இங்கன யாரு சார் பயப்படுறா? ஏழு மணிக்குக் கம்பெனியில வெடிமருந்த வெளிய எடுப்பாக. அதுக்குப் பெறகு இந்த ரோட்டுல ஒரு ஆள் ஓடுனா ஒரே அர்த்தந்தான். பஸ்ஸப் பிடிக்கக்கூட ஓட மாட்டோம், போனாப் போகட்டும்னு நடந்துதான் வருவோம்."

சத்தம் எதுவும் கேட்கவில்லையே, எப்படி நம்பினார்கள் என்று கேட்டேன். "மருந்து பொகஞ்சு பிடிச்சா சத்தம் வராது சார்" என்றார். கட்டிலில் படுத்திருந்த கற்பகம் என்னைக் கூப்பிட்டாள். திட்டப் போகிறாள் என்று போனேன். "நீங்க சொன்ன மாதிரிதான் சார். ஓடுறப்ப ஒண்ணுமே நெனப்பு வரல" என்றாள்.

வெள்ளி, சனி இரண்டு நாளும் நான் ஓடவில்லை. அச்சகத்தில் உட்கார்ந்து டைரிப் பக்கங்களைப் பார்த்தேன். நவம்பர் முப்பதோடு சரியாக முடிந்திருந்தது. பிப்ரவரியை மூன்று தடவை எண்ணினேன். சாப்பாடு இறங்கவில்லை. புரோட்டா கடைப் பக்கமே போகவில்லை. டீக்கடைக்குப் போக முகமில்லாமல் அறையிலேயே சோடா குடித்துக்கொண்டு கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முத்துலட்சுமி அக்காவே மாடியேறி வந்தார். வாசலில் நின்றபடியே, "அண்ணே, நாளைக்கு ஒரு எட்டு அச்சங்குளம் வரைக்கும் வரணும்" என்றார். அதுவரை சார்தான். அண்ணே என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

என்னை நன்றாக வைதுவிடுங்கள் அக்கா என்றேன்.

"வையறதுக்கு நேரமில்ல" என்று விஷயத்தைச் சொன்னார். அச்சங்குளத்தில் செய்தி வேறு மாதிரிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வெடி விபத்து, பெண்ணுக்குக் கையில் தீக்காயம், உடம்பில் வேறு எங்கெங்கே பட்டிருக்கிறதோ, கம்பெனிக்காரர்கள் மூடி மறைக்கிறார்கள் என்று. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்குக் கூட்டிப்போய்க் கையைக் காட்ட முடியாது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் அதையும் கம்பெனிதான் எழுதி வாங்கியிருக்கும் என்பார்கள். "வெடி இல்லாம ஒரு ஆளு ஓடுனாருன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டேங்காக. நீங்களே வந்து சொல்லுங்க. அந்த ஷூவப் போட்டுக்கிட்டு வாங்க."

திங்கட்கிழமை போனோம். ஊர் வருவதற்கு முன்பே பஸ் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி டயரைப் பார்த்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார். மீதி இரண்டு கிலோமீட்டரை நடந்தோம். வழியில் ஒரு பெண் சாத்தூர் வெள்ளரிக்காய் விற்றார். அக்கா ஒன்றை ஒடித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார். அதைத் தின்றுகொண்டு, ஓட்டக் காலணியோடு, சம்பந்தம் பேச நடந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மாள் வாசல் வேம்புக்கு அடியில் உட்கார்ந்து பட்டாசுக்குப் பேப்பர்க் குழாய் சுற்றிக்கொண்டிருந்தார். அவருடைய இளைய மகன் ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அன்றைக்கு வேலையில் இருந்தான். பேச்சியம்மாளின் தம்பி பக்கத்தில் டி.வி.எஸ். வண்டியில் சாய்ந்து நின்றார். "வாங்க. சாப்பிட்டீகளா?" என்று முறைப்படி கேட்டார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். நான் என் கதையைச் சொன்னேன்.

தம்பிக்காரர் பொறுமையாகக் கேட்டார். "சர்க்கரைக்கு ஓடுனீக. சரி. எங்க போறதுக்கு ஓடுனீக?"

"எங்கேயும் இல்லை. போய்விட்டுத் திரும்பி வந்துவிடுவேன்."

"தெனமுமா?"

"தினமும்."

அவர் முத்துலட்சுமி அக்காவைப் பார்த்தார். "மதினி, கம்பெனிக்காரன் அனுப்பிச்ச ஆளுன்னா இப்பவே சொல்லிருங்க. ஒரு மனுசன் காரணமில்லாம ஓடுவானா?"

முத்துலட்சுமி அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. என் பக்கம் திரும்பி, மெதுவாக, "ஓடிக் காட்டுங்கண்ணே" என்றார்.

மணி பதினொன்றரை இருக்கும். தெருக்கோடியில் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. அதுவரை போய்த் திரும்பி வருகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லிவிட்டு, காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டு ஓடினேன். ஒரு நாளும் இவ்வளவு கனமாக என் கால்கள் இருந்ததில்லை. தொட்டியைத் தொட்டுத் திரும்பியபோது தெருவில் கதவுகள் திறந்திருந்தன.

"எங்கன?" என்று ஒரு பெண் கேட்டார். "எங்கனய்யா?" என்று இன்னொருவர். பதில் சொல்ல நான் வாயெடுப்பதற்குள் என்னைத் தாண்டி ஓடினார்கள். நின்றேன். நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். பெண்கள், கிழவர்கள், முந்தானையில் மாவோடு ஒருத்தி, எல்லோரும் கம்பெனிகள் இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களோடு பேச்சியம்மாளும் ஓடி வந்தார். மடியிலிருந்த குழாய்கள் தெருவெல்லாம் சிதறின. அவருக்குத் தெரியும். நான் சொல்லிவிட்டுத்தான் ஓடினேன், அவர் கண் முன்னால்தான் ஓடினேன். தெரிந்தும், தெருவே ஓடும்போது அவருக்கு உட்கார்ந்திருக்க முடியவில்லை. "எம் பிள்ள, எம் பிள்ள" என்று வந்தவரை முத்துலட்சுமி அக்கா பின்னாலேயே ஓடிவந்து இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல மதினி. நம்ம அண்ணந்தான். சும்மா ஓடுனது மதினி, சும்மா."

இரண்டு பேரும் நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மற்றவர்களைத் திருப்பிக் கூட்டிவரத் தம்பிக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு பறந்தார். நான் தெருவில் கிடந்த பேப்பர்க் குழாய்களைப் பொறுக்கினேன். செய்வதற்கு வேறு என்ன இருந்தது?

பேச்சியம்மாள் மூச்சு அடங்கித் தண்ணீர் குடிக்க வெகுநேரம் ஆயிற்று. "நம்புறேன்" என்றார். என்னைப் பார்க்காமலேதான் சொன்னார். பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ண வேண்டாம்னு சொல்லல மதினி. ஆனா இம்புட்டு ஆனதுக்குப் பெறகு ஆவணியில வேண்டாம். இந்தப் பேச்செல்லாம் அடங்கட்டும். தையில வச்சுக்கிடுவோம்" என்றார். முத்துலட்சுமி அக்கா தலையை ஆட்டினார். பெண்ணைப் பெற்றவர் வேறென்ன செய்வார்?

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. பெண் வீட்டை நம்பிவிட்டார்கள், கல்யாணம் நிற்கவில்லை, என் பாவம் பாதியாவது தீர்ந்தது என்று எனக்கு ஒரு நிம்மதி. "நல்லபடியாக முடிந்ததே அக்கா" என்றேன்.

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தை வரைக்கும் அவ கம்பெனிக்குப் போகணும்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "தீபாவளிக்கு முந்தி ஆர்டர் நெருக்கும். அப்பத்தான் அவசரத்துல கை தவறும். அதுக்கு முன்னாடி அவள வெளிய எடுத்துரணும்னுதான் ஆவணியில வச்சேன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும் நாள். டைரிக்குக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. ஆறரைக்குப் பெட்டியோடு டீக்கடையில் நின்றேன். அக்கா சீனி இல்லாத டீயைக் கொடுத்தார். வேன் வந்தது. இடது கையில் கட்டோடு கற்பகம் தூக்குவாளியை வலது கையில் எடுத்துக்கொண்டு ஏறினாள். ஒரு கை போதும் என்று போர்மேன் லேபிள் ஒட்டுகிற வேலை கொடுத்திருக்கிறாராம். ஜன்னலோரம் உட்கார்ந்து, "ஓடலையா சார்?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். வேன் திரும்பி மறைகிற வரை அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தாறு" என்றார்.

சிங்கப்பூர் திரும்பி ஏழு வாரம் ஆகிறது. கால்வாய் ஓரமாக எல்லோரும் ஓடுகிறார்கள். நான் நடக்கிறேன். எனக்குப் பின்னாலிருந்து யாராவது வேகமாக ஓடி வந்து என்னைத் தாண்டிப் போனால் அவர் வந்த திசையைத் திரும்பிப் பார்க்கிறேன். போன மாதம் சோதித்ததில் சர்க்கரை ஏறியிருக்கிறது, ஏன் ஓட்டத்தை நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கோபித்துக்கொண்டார். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் நம்பமாட்டார். பால்ராஜ் டைரி விஷயமாகப் போன் செய்யும்போதெல்லாம் முதலில் கற்பகத்தைப் பற்றிக் கேட்கிறேன். போய்க்கிட்டு வந்துக்கிட்டு இருக்கு சார் என்கிறார். போன் வைத்ததும் மேசை டைரியில் வாரத்தைக் குறித்து வைக்கிறேன். தீபாவளி இன்னும் வரவில்லை. இந்த வாரம் இருபத்தொன்பது.